'எக்ஸ்ட்ரீம்லி டயர்டு': இங்கே அட்வெர்ப் எதைத் தழுவுகிறது?

கேள்வி

வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் எடுக்கும்போது ஒரே இடத்தில் முட்டுகிறது. அட்வெர்ப் என்றால் வினையடை, வினைச்சொல்லுக்கு அடைமொழி என்று தொடங்குகிறோம். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' வரை வழுக்கிக்கொண்டு போகிறது. 'ஷி இஸ் எக்ஸ்ட்ரீம்லி டயர்டு' என்று எழுதி, 'எக்ஸ்ட்ரீம்லி' எதற்கு அடை என்று கேட்டால் பாதிப் பேர் 'இஸ்' என்று எழுதுகிறார்கள். 'டயர்டு' என்ற பெயரடைக்குத்தான் அடை என்று திருத்தினால், "அப்படின்னா அது வினையடையே இல்லையே?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இதையொட்டி இன்னும் இரண்டு சந்தேகம். 'தி பேப்பர் வாஸ் சர்ப்ரைசிங் ஈஸி' என்பதில் உள்ள பிழையை எப்படிச் சொன்னால் மனதில் நிற்கும்? 'வெரி கோல்டு' சரி என்றால் 'வெரி ஃப்ரீசிங்' ஏன் தப்பு? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

'வினையடை' என்ற பெயரே பிள்ளைகளை வினைச்சொல்லோடு கட்டிப்போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் அட்வெர்ப் என்ற வகை வினையைத் தழுவும், பெயரடையைத் தழுவும், இன்னொரு அட்வெர்பைத் தழுவும், சில நேரம் முழு வாக்கியத்தையும் தழுவும். லத்தீனில் 'வெர்பும்' என்பதற்கு வினை என்ற பொருளும் உண்டு, வெறுமனே 'சொல்' என்ற பொருளும் உண்டு. 'இன்னொரு சொல்லோடு ஒட்டி வருவது' என்று சொல்லிவைத்தால் அந்தக் குழப்பம் முளைக்கும்போதே போய்விடும்.

'இஸ்' என்று எழுதும் பிள்ளைக்கு மூன்று சோதனை போட்டுக் காட்டுங்கள். முதலில் 'டயர்டு' என்ற சொல்லை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். 'ஷி இஸ் எக்ஸ்ட்ரீம்லி' என்று மிஞ்சும். வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். அடுத்து 'எக்ஸ்ட்ரீம்லி'யை மறைக்கச் சொல்லுங்கள். 'ஷி இஸ் டயர்டு' என்று உறுதியாக நிற்கும். ஆக, எக்ஸ்ட்ரீம்லிக்கு டயர்டு வேண்டும், டயர்டுக்கு எக்ஸ்ட்ரீம்லி வேண்டியதில்லை. மூன்றாவது சோதனைதான் அசைக்க முடியாதது. 'அன் எக்ஸ்ட்ரீம்லி டயர்டு நர்ஸ்' என்று எழுதுங்கள். இதில் வினைச்சொல்லே கிடையாது. எக்ஸ்ட்ரீம்லி மட்டும் அப்படியே இருக்கிறது. இல்லாத 'இஸ்'ஸை அது எப்படித் தழுவும்?

கேட்க வேண்டிய கேள்வியும் மாறும். வினையைத் தழுவும் அட்வெர்ப் 'எப்படி, எப்போது, எங்கே' என்பதற்குப் பதில் சொல்லும். பெயரடையைத் தழுவுவது பெரும்பாலும் 'எந்த அளவுக்கு' என்பதற்குப் பதில் சொல்லும். எந்த அளவுக்குக் களைப்பு? எக்ஸ்ட்ரீம்லி.

இனி 'சர்ப்ரைசிங் ஈஸி'. 'சர்ப்ரைசிங்' பெயரடை, 'ஈஸி'யும் பெயரடை. ஒரு பெயரடை இன்னொரு பெயரடைக்கு அளவு சொல்லாது. இரண்டும் தனித்தனியே பெயர்ச்சொல்லைத்தான் போய்ப் பிடிக்கும். காபியை வைத்துக் காட்டலாம். 'அன்யூஷுவல் கோல்டு காஃபி' என்றால் அது வழக்கத்தில் இல்லாத ஒரு காபி, கூடவே குளிர்ந்த காபி. 'அன்யூஷுவலி கோல்டு காஃபி' என்றால் காபி சாதாரணக் காபிதான், குளிர்ச்சிதான் வழக்கத்தை மீறியது. ஒரு 'லி' போனதும் வியப்பு குளிர்ச்சியை விட்டுவிட்டுக் காபிக்குத் தாவிவிடுகிறது.

இங்கே தமிழ்க் காது கைகொடுக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். 'லி என்றால் ஆக' என்று மனப்பாடம் செய்த பிள்ளை 'ஆச்சரியமாக எளிது' என்று மொழிபெயர்த்துப் பார்க்கும். நாம் அப்படிப் பேசுவதே இல்லை. 'ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது' என்போம். ஆகவே பெயரடைக்கு முன்னால் வரும் 'லி'க்கு 'அளவுக்கு' என்று பழக்குங்கள். 'பெயின்ஃபுலி ஸ்லோ' பொறுமை இழக்கும் அளவுக்கு மெதுவானது. 'இன்க்ரெடிப்லி சீப்' நம்ப முடியாத அளவுக்கு மலிவானது. தமிழில் 'அளவுக்கு' பொருந்துகிற இடத்தில் ஆங்கிலத்தில் 'லி' விட்டுப்போயிருந்தால் பிழை என்று பிள்ளையே பிடித்துவிடும்.

இரண்டு பொறிகள். 'ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, காஸ்ட்லி' எல்லாம் 'லி'யில் முடிந்தாலும் பெயரடைகள். அதேபோல 'வெரி, டூ, சோ, க்வைட்' எதிலும் 'லி' இல்லை, ஆனால் எல்லாமே அட்வெர்ப்.

இன்னொன்று, அட்வெர்ப் முன்னால் வந்து நின்றதும் 'அ', 'அன்' மாறும். 'அ யூஸ்ஃபுல் புக்', ஆனால் 'அன் எக்ஸ்ட்ரீம்லி யூஸ்ஃபுல் புக்'. 'அன் ஓல்டு ஹவுஸ்', ஆனால் 'அ வெரி ஓல்டு ஹவுஸ்'. அடுத்து வரும் சொல்லின் ஒலியைத்தான் பார்க்க வேண்டும், பெயர்ச்சொல்லை அல்ல. ஒரு மதிப்பெண் கேள்வியில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "அது வினையடையே இல்லையே" என்று கேட்ட பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்திலேயே பதில் இருக்கிறது. 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று நன்னூல் உரிச்சொற்களைச் சொல்கிறது அல்லவா, ஆறும் 'மிகுதி' என்ற ஒரே குணத்தைக் காட்டுபவை. 'சாலச் சிறந்தது' என்பதில் 'சால' செய்யும் வேலைதான் 'வெரி குட்'டில் 'வெரி' செய்வது. உரிச்சொல் பெயரையும் தழுவும், வினையையும் தழுவும் என்று நம் இலக்கணம் ஏற்கெனவே இடம் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாது.

இன்னொரு சுவையான ஒற்றுமை. 'வெரி' முதலில் 'உண்மையான' என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். உண்மை தேய்ந்து அளவு மட்டும் மிஞ்சியது. 'டெரிப்லி சாரி', 'ஆஃபுலி நைஸ்' இரண்டிலும் அச்சம் தேய்ந்துவிட்டது. 'படம் பயங்கரமா நல்லாருக்கு' என்று சொல்பவர் யாரும் பயப்படுவதில்லை, அதே கதைதான். ஆகவே இவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்க விடாதீர்கள்.

மறுமொழி 3

'வெரி ஃப்ரீசிங்' பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதை எடுத்துக்கொள்கிறேன்.

பெயரடைகளில் ஏணிப்படி உள்ளவை, படி இல்லாதவை என்று இரண்டு உண்டு. 'கோல்டு' ஏணி மாதிரி: கொஞ்சம் குளிர், ஓரளவு குளிர், மிகக் குளிர் என்று ஏறலாம். 'வெரி, ஃபேர்லி, ராதர், எக்ஸ்ட்ரீம்லி, ஸ்லைட்லி, அ பிட்' ஆகியவை எத்தனையாவது படி என்று சொல்லும் சொற்கள். 'ஃப்ரீசிங்' என்பது ஏணியின் உச்சி. 'வெரி' அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 'வெரி கோல்டு' என்பதை ஒரே சொல்லில் சொன்னால் அதுதான் ஃப்ரீசிங். உச்சியில் நிற்பவனை இன்னொரு படி ஏறச் சொல்ல முடியாது. 'உச்சிதான், சந்தேகமே இல்லை' என்று அழுத்திச் சொல்லலாம். அந்த வேலைக்கு 'அப்சொல்யூட்லி, கம்ப்ளீட்லி, டோட்டலி, அட்டர்லி'. எனவே 'அப்சொல்யூட்லி ஃப்ரீசிங்'.

சோடி சோடியாகக் கொடுத்தால் எளிது. 'வெரி டயர்டு', 'அப்சொல்யூட்லி எக்ஸாஸ்டட்'. 'வெரி ஆங்க்ரி', 'அப்சொல்யூட்லி ஃபியூரியஸ்'. 'வெரி பிக்', 'அப்சொல்யூட்லி இனார்மஸ்'. 'வெரி ஹங்ரி', 'அப்சொல்யூட்லி ஸ்டார்விங்'. சோடியைக் குறுக்கே மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் கெடும்: 'அப்சொல்யூட்லி டயர்டு' என்பதும் காதில் உறுத்தும்.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு: ஆம், இல்லை என்ற இரண்டே நிலை உள்ளவை. 'டெட், இம்பாசிபிள், மேரீடு, எம்ப்டி'. 'வெரி இம்பாசிபிள்' கிடையாது. ஆனால் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் என்று சொல்லலாம்: 'ஆல்மோஸ்ட் இம்பாசிபிள்', 'நியர்லி எம்ப்டி', 'வர்ச்சுவலி டெட்'. பிள்ளைகள் எழுதும் 'வெரி இம்பாசிபிள்' என்பதைத் திருத்தும்போது பெரும்பாலும் 'ஆல்மோஸ்ட்' போட்டால் அவர்கள் சொல்ல நினைத்தது வந்துவிடும்.

'ரியலி' மட்டும் எல்லா வீட்டிலும் நுழையும்: 'ரியலி கோல்டு', 'ரியலி ஃப்ரீசிங்' இரண்டும் சரி. சந்தேகம் வந்தால் பேச்சில் 'ரியலி' போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். 'க்வைட்' கூட இரண்டோடும் வரும்.

மறுமொழி 4

'க்வைட்' இரண்டோடும் வரும், சரி. ஆனால் பொருள் ஒன்றல்ல. 'க்வைட் குட்' என்றால் பிரிட்டிஷ் வழக்கில் 'பரவாயில்லை, ஓரளவு நல்லது'. 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் 'முழுக்க முழுக்க முடியாதது'. ஏணிப்படிச் சொல்லோடு வந்தால் பாதி, உச்சிச் சொல்லோடு வந்தால் முழுசு. அமெரிக்க வழக்கில் 'க்வைட் குட்' பெரும்பாலும் 'நன்றாகவே' என்ற பக்கம் சாயும். மதிப்பீடு எழுதும் இடத்தில் இது வம்பு: ஒருவர் பாராட்டாக எழுதியதை மற்றவர் குறையாகப் படிப்பார். எழுத்தில் 'வெரி குட்' அல்லது 'ஃபேர்லி குட்' என்று உடைத்தே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விரலால் மறைக்கும் சோதனையும் ஏணியும் நாளைக்கே பயன்படும். இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். 'தி ஃபுட் வாஸ் டூ குட்' என்று பாராட்டாக எழுதுகிறார்கள். 'வெரி பெட்டர்' என்றும் நிறைய வருகிறது. 'இனஃப்' எங்கே வைப்பது என்பதும் தடுமாற்றம்.

மறுமொழி 5

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். தமிழில் 'ரொம்ப' ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. 'ரொம்ப நல்லது', 'டீ ரொம்பச் சூடு, குடிக்க முடியல', 'இது அதைவிட ரொம்ப நல்லது'. ஆங்கிலம் இந்த மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிறது: முதலாவதுக்கு 'வெரி', இரண்டாவதுக்கு டி-ஓ-ஓ என்று எழுதும் 'டூ', மூன்றாவதுக்கு 'மச்'.

'டூ' என்றால் வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது, அதனால் ஏதோ ஒன்று நடக்காது என்று பொருள். 'தி டீ இஸ் வெரி ஹாட்' என்றால் சூடு அதிகம், ஊதிக் குடிக்கலாம். 'தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்' என்றால் இப்போதைக்குக் குடிக்க வழியில்லை. 'டூ'வைப் பார்த்ததும் 'அதனால் என்ன முடியாது?' என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் இருந்தால் 'டூ' சரி. 'சாப்பாடு நன்றாக இருந்தது, அதனால் என்ன முடியாது?' பதில் இல்லை, ஆகவே 'வெரி குட்'. நண்பர்கள் பேச்சில் 'டூ குட்' பாராட்டாக ஓடும்; கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் வேண்டாம். 'நாட் டூ பேட்' மட்டும் விதிவிலக்கு, 'மோசமில்லை' என்று பொருள்.

'பெட்டர், பிக்கர், மோர் எக்ஸ்பென்சிவ்' போன்ற ஒப்பீட்டு வடிவங்களுக்கு முன் 'வெரி' வராது. 'மச் பெட்டர், ஃபார் பெட்டர், அ லாட் பிக்கர், ஸ்லைட்லி சீப்பர், ஈவன் வர்ஸ்'. ஒப்பீடு என்பது இரண்டு பொருளுக்கு இடையே உள்ள இடைவெளி. இடைவெளி எவ்வளவு என்று 'மச்' சொல்லும். தலைகீழாகவும் பிழை வரும்: 'மச் ஹாட்' கிடையாது. 'ராதர் பெட்டர்' உண்டு, 'ஃபேர்லி பெட்டர்' இல்லை. 'க்வைட் பெட்டர்' நோய் முழுக்கக் குணமானவரைச் சொல்ல மட்டும் வரும். உச்ச வடிவத்துக்கு 'பை ஃபார் தி பெஸ்ட்'.

'இனஃப்' ஒன்றுதான் வரிசையை உடைத்துக்கொண்டு பெயரடைக்குப் பின்னால் போய் நிற்கும்: 'ஹாட் இனஃப்', 'ஓல்டு இனஃப் டு வோட்'. பெயர்ச்சொல்லுக்கு மட்டும் முன்னால்: 'இனஃப் வாட்டர்'. இரண்டும் ஒரே இடத்தில் மோதும்போது வேடிக்கை பாருங்கள். 'வி டோன்ட் ஹேவ் பிக் இனஃப் ரூம்ஸ்' என்றால் நம் அறைகள் போதிய அளவு பெரிதாக இல்லை. 'வி டோன்ட் ஹேவ் இனஃப் பிக் ரூம்ஸ்' என்றால் பெரிய அறைகள் உண்டு, எண்ணிக்கைதான் பற்றவில்லை. திருமண மண்டபம் பேசுகிறவர் இதை மாற்றிச் சொன்னால் வேறு மண்டபத்தைக் காட்டுவார்கள்.

வரிசை பற்றிப் பேசும்போது இதையும் முடித்துவிடுகிறேன். 'அ சோ பிக் ஹவுஸ்' தவறு, 'சச் அ பிக் ஹவுஸ்' அல்லது 'சோ பிக் அ ஹவுஸ்'. 'டூ'வும் அப்படியே: 'டூ ஸ்மால் அ ரூம்'. 'தி ஃபோன் இஸ் அ பிட் எக்ஸ்பென்சிவ்' சரி, ஆனால் 'அ பிட் எக்ஸ்பென்சிவ் ஃபோன்' வராது. அங்கே 'அ ராதர் எக்ஸ்பென்சிவ் ஃபோன்'.

மறுமொழி 6

எல்லோரும் 'எந்த அளவுக்கு' என்பதையே பேசுகிறோம். 'எந்த வகையில்' என்பதற்குப் பதில் சொல்லும் அட்வெர்புகளும் பெயரடைக்கு முன்னால் வரும், அவை அளவே சொல்லாது. 'ஃபைனான்ஷியலி இண்டிபெண்டன்ட்', 'டெக்னிக்கலி கரெக்ட்', 'பொலிட்டிக்கலி சென்சிடிவ்'.

இதற்கு நம் அரசியல் சட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின், 1951-ல் முதல் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது. அதில் வரும் தொடர் 'சோஷியலி அண்ட் எஜுகேஷனலி பேக்வர்டு கிளாசஸ்'. 'பேக்வர்டு' பெயரடை. எந்த வகையில் பின்தங்கியவர்கள்? சமூக வகையில், கல்வி வகையில். அந்த இரண்டு அட்வெர்பும்தான் யார் உள்ளே, யார் வெளியே என்று வரம்பு கட்டுகின்றன. 'எக்கனாமிக்கலி' அந்தத் தொடரில் இல்லை. 2019-ல் 103-வது திருத்தம் 'எக்கனாமிக்கலி வீக்கர் செக்‌ஷன்ஸ்' என்று தனியாக ஒரு தொடரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எழுபது ஆண்டு விவாதம் பெயரடைக்கு முன்னால் நிற்கும் ஒரு சொல்லைச் சுற்றி நடந்திருக்கிறது.

இந்த வகைக்கு முன்னால் 'வெரி' போட முடியாது. 'வெரி ஃபைனான்ஷியலி இண்டிபெண்டன்ட்' என்று யாரும் எழுதுவதில்லை. தமிழில் இதற்கு 'அளவுக்கு' பொருந்தாது, 'ரீதியாக' அல்லது 'வகையில்' பொருந்தும்: பொருளாதார ரீதியாக நலிந்த. எனவே முதல் மறுமொழியில் சொன்ன 'அளவுக்கு' சோதனையோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டில் ஒன்று பொருந்தினாலும் 'லி' வேண்டும்.

மறுமொழி 7

விதிக்குள் அடங்காத பகுதி ஒன்று பாக்கி: எந்த அட்வெர்ப் எந்தப் பெயரடையோடு சேரும் என்பது. 'ஹைலி' என்றால் மிக என்று அகராதியில் பார்த்துவிட்டு 'ஹைலி ஹேப்பி', 'ஹைலி டயர்டு' என்று எழுதுகிறார்கள். 'ஹைலி' சேர்வது 'லைக்லி, அன்லைக்லி, சக்ஸஸ்ஃபுல், குவாலிஃபைடு, ஸ்கில்டு' போன்றவற்றோடு. குளிருக்கு 'பிட்டர்லி கோல்டு', ஏமாற்றத்துக்கு 'பிட்டர்லி' அல்லது 'டீப்லி டிஸப்பாயின்டட்', காயத்துக்கு 'சீரியஸ்லி இன்ஜர்டு'. உறக்கத்துக்கு 'வெரி' வராது, 'ஃபாஸ்ட் அஸ்லீப்' அல்லது 'சவுண்ட் அஸ்லீப்'. விழிப்புக்கு 'வைடு அவேக்'. தமிழில் 'கொட்ட கொட்ட' என்றால் விழிப்புதான், வேறெதற்கும் வராது. அதுபோலச் சோடியாகவே பழக வேண்டியவை இவை. குறிப்பேட்டில் பெயரடையை மட்டும் எழுதாமல் முன்னால் வரும் அட்வெர்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

'டி'யில் முடியும் பெயரடைகளில் கவனம் வேண்டும். 'டயர்டு, வொரீடு, இன்ட்ரஸ்டட்' ஆகியவை முழுப் பெயரடையாகவே மாறிவிட்டவை, 'வெரி' ஏற்கும். 'டேமேஜ்டு, இன்ஜர்டு, கிரிட்டிசைஸ்டு' ஆகியவற்றில் வினை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் 'பேட்லி டேமேஜ்டு', 'மச் கிரிட்டிசைஸ்டு'. கடிதத்தின் முடிவில் 'யுவர் ஹெல்ப் இஸ் வெரி அப்ரிஷியேட்டட்' என்று வருவதை 'மச் அப்ரிஷியேட்டட்' என்று திருத்துங்கள்.

'ஹார்ட்லி' என்ற சொல்லையும் தனியாகச் சொல்லிவிடுங்கள். 'தி நியூஸ் இஸ் ஹார்ட்லி சர்ப்ரைசிங்' என்றால் அந்தச் செய்தியில் வியக்க ஒன்றுமே இல்லை. 'கடுமையாக' என்று படித்தால் பொருள் நேர்மாறாகிவிடும்.

கடைசியாக இணைப்புக்கோடு. 'லி'யில் முடியும் அட்வெர்புக்குப் பின் கோடு போடக் கூடாது: 'அ ஹைலி பெய்டு ஜாப்'. அந்த 'லி'யே தான் எதைத் தழுவுகிறது என்று காட்டிவிடுகிறது. 'வெல்' போன்ற 'லி' இல்லாத அட்வெர்ப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோடு வேண்டும்: 'அ வெல்-நோன் டாக்டர்'. அதே தொடர் வினைக்குப் பின்னால் போனால் கோடு தேவையில்லை: 'தி டாக்டர் இஸ் வெல் நோன்'. 'வெரி'க்குப் பின் எங்கேயும் கோடு கிடையாது.